பாக்கெட், பொத்தான், நூலிழை: இறக்குமதியாகும் பெண்கள் ஆடையின் சுங்க வகைப்பாடு

துறைமுகத்தில் இறங்கும் ஒவ்வொரு சரக்குக்கும் சுங்கப் பட்டியலில் ஓர் எண் உண்டு. அந்த எண்ணைக் கண்டறிந்து சரக்குக்குச் சூட்டுவதே சுங்க வகைப்பாடு. எண் எதுவென்று முடிவானால்தான் வரிவிகிதம் தெரியும். தடை உண்டா, சலுகை உண்டா என்பதும் தெரியும். இரும்புக் கம்பிக்கோ சர்க்கரைக்கோ இந்த வேலை பெரும்பாலும் எளிது. பெண்கள் ஆடைக்கு அப்படியில்லை. ஒரே துணியில், ஒரே தையல் கூடத்தில், ஒரே நாளில் தைத்த இரண்டு மேற்சட்டைகளில் ஒன்று 16 சதவீதமும் மற்றொன்று 26.9 சதவீதமும் வரி கட்ட நேரலாம். வேறுபாடு இடுப்புக்குக் கீழே வைத்த ஒரு சிறு பாக்கெட்டாக இருக்கும்.

இந்த வேறுபாடு மிகக் கூர்மையாகத் தெரியும் நாடு அமெரிக்கா. ஐரோப்பிய ஒன்றியமும் இதே வகைப்பாட்டு முறையைத்தான் பின்பற்றுகிறது. ஆனால் அங்கே பெரும்பாலான ஆடைகளுக்கு 12 சதவீதம் என்ற ஒரே வரி இருப்பதால், எந்தத் தலைப்பில் சேர்ப்பது என்ற கேள்வியில் பணம் அதிகம் புழங்குவதில்லை. அமெரிக்கப் பட்டியலிலோ அடுத்தடுத்த வரிகளில் 6 சதவீதமும் 32 சதவீதமும் நிற்கின்றன. அதனால் தையற்காரரின் கத்தரிக்கோல் போகும் திசையைக்கூட அங்கே பட்டியல் தீர்மானிக்கிறது.

பட்டியலின் கட்டமைப்பு

உலக வணிகத்தில் இன்று புழங்கும் பொருள் எண்களுக்கு அடிப்படை ‘ஹார்மனைஸ்ட் சிஸ்டம்’ என்னும் பொது முறை. வணிகர்கள் எச்.எஸ். கோடு என்று சொல்வது இதைத்தான். இதைப் பேணும் உலகச் சுங்க அமைப்பு பிரஸ்ஸல்ஸில் இருக்கிறது. இதற்கான உடன்படிக்கை 1983-இல் கையெழுத்தாகி 1988 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அமெரிக்கா 1989 ஜனவரி 1 முதல் இதை ஏற்றது. முதல் ஆறு இலக்கங்கள் எல்லா நாடுகளுக்கும் பொது. அதற்கு மேல் அவரவர் தேவைப்படி நீட்டிக்கொள்ளலாம்: இந்தியா எட்டு இலக்கம் வரை போகிறது, அமெரிக்கா பத்து இலக்கம் வரை.

துணிமணிகள் 11-ஆம் பிரிவில், 50 முதல் 63 வரையான அத்தியாயங்களில் அடங்குகின்றன. ஆடைகளுக்கு உரியவை இரண்டு: பின்னலாடைகளுக்கு 61, பின்னல் அல்லாத துணியில் தைத்தவற்றுக்கு 62. ஓர் எண்ணைப் பிரித்துப் பார்த்தால் முறை விளங்கும். 6206.40.30 என்ற அமெரிக்க எண்ணில் 62 அத்தியாயம். 6206 என்ற தலைப்பு பெண்கள், சிறுமியருக்கான பிளவுஸ், சட்டை வகைகள். 40 என்ற இலக்கங்கள் செயற்கை இழையைக் குறிக்கும். கடைசி 30 அமெரிக்கா தானே சேர்த்தது. அதற்கான வரி 26.9 சதவீதம். பிளவுஸ் என்று பட்டியல் இங்கே சொல்வது சேலையோடு அணியும் ரவிக்கையை மட்டும் அல்ல. இடுப்புவரை வரும் இலேசான மேற்சட்டைகள் பலவும் இதில் அடங்கும்.

எந்தத் தலைப்பு என்று தேடுவதற்கு ஆறு பொது விதிகள் இருக்கின்றன. முதல் விதி மற்றவற்றை ஆள்கிறது: தலைப்பின் சொற்களும் பிரிவு, அத்தியாயக் குறிப்புகளும் சொல்வதே சட்டம். ஒரு பொருள் இரண்டு தலைப்புகளுக்கும் பொருந்தினால் கூடுதல் நுட்பமாக விவரிக்கும் தலைப்பு வெல்லும். அப்படித் தீராவிட்டால் பொருளுக்கு அதன் இயல்பைத் தரும் பகுதி எது என்று பார்க்க வேண்டும். அதிலும் தீராவிட்டால் எண் வரிசையில் கடைசியாக வரும் தலைப்பு. ஆடைகளைப் பொறுத்தவரை பெரும்பாலான வழக்குகள் முதல் விதியிலேயே, அதாவது குறிப்புகளின் வாசகத்திலேயே முடிந்துவிடும். குறிப்புகளைப் படிக்காமல் தலைப்பை மட்டும் பார்த்து எண் எழுதுவதே ஏற்றுமதியாளரும் இறக்குமதியாளரும் செய்யும் பெரும் பிழை.

துணியும் இழையும்

ஆடையைக் கையில் எடுக்கும் அதிகாரி முதலில் பார்ப்பது அது யாருக்கு, எதற்கு என்பதை அல்ல. துணி எப்படி உருவானது என்பதைத்தான் பார்க்கிறார். ஒரே நூல் கண்ணி கண்ணியாகக் கோர்த்து உருவாகியிருந்தால் அது பின்னல், 61-ஆம் அத்தியாயம். பாவும் ஊடும் குறுக்கிட்டு உருவாகியிருந்தால் அது நெசவு, 62. திருப்பூரிலிருந்து வெளிநாடு போகும் பனியன் துணி ஆடைகளில் மிகப் பெரும் பகுதி 61-இல் சேர்வது இதனால்தான். பிளாஸ்டிக்கோ ரப்பரோ பூசிய துணியில் தைத்தவற்றுக்கு 6113, 6210 என்ற தனித் தலைப்புகள் உண்டு. மழைக்கோட்டுகள் பல அங்கே போகும். பிரா, கார்செட் போன்றவை மட்டும் விதிவிலக்கு. அவை பின்னலாக இருந்தாலும் 6212-இலேயே சேரும்.

அடுத்து நூலிழை. கலப்புத் துணியில் எடையில் மிகுந்த இழை எதுவோ, துணி முழுவதும் அந்த இழையால் ஆனதாகவே கருதப்படும். இது 11-ஆம் பிரிவின் 2-ஆம் குறிப்பு. பின்னலில் வரும் டி-ஷர்ட்டை எடுத்துக்கொண்டால் பருத்திக்கு அமெரிக்காவில் 16.5 சதவீதம், செயற்கை இழைக்கு 32 சதவீதம். 60 பங்கு பருத்தி, 40 பங்கு பாலியஸ்டர் கலந்த துணி என்றால் பருத்திக் கணக்கு. சரிபாதி கலந்தால் எடையில் எதுவும் மிகவில்லை. அப்போது எண் வரிசையில் பின்னால் வருவது எதுவோ அது. 6109.10 பருத்தி, 6109.90 மற்றவை, ஆகவே வரி 32 சதவீதம். ஒரு விழுக்காடு பருத்தி கூடுதலாகச் சேர்ந்திருந்தால் வரி ஏறக்குறைய பாதியாகியிருக்கும். அதற்காக 51-க்கு 49 என்று துணியை ஓட்டுவது ஆபத்தான கணக்கு. சுங்கத் துறையின் ஆய்வகம் துணியைக் கரைத்து எடை பார்க்கும். நூற்பிலோ சாயத்திலோ சிறு மாறுபாடு நேர்ந்தாலும் ஆர்டர் முழுவதும் மறுபக்கம் சாய்ந்துவிடும்.

1989-க்கு முன் அமெரிக்காவில் எடையைப் பார்க்கவில்லை, விலையைப் பார்த்தார்கள். எந்த இழையின் மதிப்பு மிகுதியோ அந்த இழையின் ஆடை என்பது அன்றைய விதி. அக்காலத்தில் இன்னொரு சுவர் இருந்தது. 1974 முதல் 1994 வரை நடப்பில் இருந்த பல இழை ஒப்பந்தத்தின்கீழ் பருத்தி, கம்பளி, செயற்கை இழை ஆடைகளுக்கு நாடுவாரியாக ஒதுக்கீட்டு அளவு விதித்திருந்தார்கள். ராமி என்ற தாவர நார் அந்தப் பட்டியலில் இல்லை. 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கடைகளில் ராமியும் பருத்தியும் கலந்த ஸ்வெட்டர்கள் குவிந்தன. அணிபவர் யாரும் அந்த நாரைக் கேட்டு வாங்கவில்லை. ஒதுக்கீடு இல்லாத இழை என்பதே அதன் தகுதி. 1986-இல் ஒப்பந்தத்தைப் புதுப்பித்தபோது ராமி, லினன், பட்டுக் கலப்புகளையும் வேலிக்குள் கொண்டுவந்தார்கள்.

ஒதுக்கீடு 2004 இறுதியோடு ஒழிந்தது. அதன் தடயம் மட்டும் பட்டியலில் இன்னும் இருக்கிறது. அமெரிக்கப் பட்டியலில் ஆடைகளின் விவரத்துக்குப் பக்கத்தில் மூன்று இலக்க எண் ஒன்றை அச்சிடுகிறார்கள்: 348 என்றால் பெண்களின் பருத்திக் கால்சட்டை, 641 என்றால் செயற்கை இழையில் நெய்த பிளவுஸ். முதல் இலக்கம் 3 என்றால் பருத்தி, 4 கம்பளி, 6 செயற்கை. இன்று இவை புள்ளிவிவரத்துக்கு மட்டுமே பயன்படுகின்றன.

இழைக்கு இழை வரி எவ்வளவு மாறுகிறது என்பதை நெய்த பிளவுஸ் ஒன்றே காட்டிவிடும். செயற்கை இழைக்கு 26.9 சதவீதம், பருத்திக்கு 15.4, லினன் போன்றவற்றுக்கு 6.7, பட்டுக்கு 6.9. பத்து டாலர் விலையுள்ள பாலியஸ்டர் பிளவுஸ் 2 டாலர் 69 சென்ட் வரி கட்டுகிறது. நாற்பது டாலர் விலையுள்ள பட்டு பிளவுஸ் கட்டுவது 2 டாலர் 76 சென்ட். மலிவான உடுப்பு வாங்கும் பெண் ஏறக்குறைய நான்கு மடங்கு விகிதத்தில் வரி சுமக்கிறாள். இதை யாரும் ஒரே நாளில் திட்டமிட்டு விதிக்கவில்லை. உள்நாட்டுச் செயற்கை இழைத் தொழிலைக் காக்க ஒரு காலத்தில் உயர்த்தியதும், பட்டுக்கு உள்நாட்டில் காக்க ஆளில்லாததால் பேச்சுவார்த்தைகளில் விட்டுக்கொடுத்ததும் அடுக்கடுக்காகச் சேர்ந்து நிற்கின்றன. காரணம் எதுவானாலும் விளைவு அநீதியானது. இந்த அநீதி வகைப்பாட்டில் இல்லை, விகிதத்தில் இருக்கிறது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இழையைப் பிரித்தறிவது நியாயமான வேலை. பிரித்த பிறகு ஏழை உடுத்தும் இழைக்கு உச்ச வரி வைப்பதுதான் கேள்விக்கு உரியது.

வடிவம்: பாக்கெட், கண்ணி, நீளம்

துணியும் இழையும் தெரிந்த பிறகே ஆடையின் வடிவம் வருகிறது. பின்னலாடையில் பெண்களுக்கான தலைப்புகள் 6102-இல் கோட்டுகளோடு தொடங்குகின்றன. 6104 பரந்த தலைப்பு: சூட், ஜாக்கெட், கவுன், ஸ்கர்ட், கால்சட்டை எல்லாம் அங்கே. 6106 பிளவுஸ், 6108 உள்ளாடை, இரவாடை. நெய்த ஆடைகளுக்கு 6202, 6204, 6206, 6208 என்று ஏறத்தாழ இதே வரிசை. டி-ஷர்ட்டுக்கான 6109, ஸ்வெட்டர் போன்றவற்றுக்கான 6110 ஆகியவற்றில் ஆண், பெண் பிரிவினை தலைப்பளவில் இல்லை. எங்கும் சேராதவை 6114, 6211 என்ற ‘மற்ற ஆடைகள்’ தலைப்புகளில் ஒதுங்குகின்றன. உயரம் 86 சென்டிமீட்டரைத் தாண்டாத குழந்தைகளின் ஆடை எதுவானாலும் 6111, 6209-க்குப் போய்விடும். பெண் குழந்தை, ஆண் குழந்தை என்ற பேச்சு அங்கே எழுவதில்லை.

பிளவுஸ் எது என்பதைக் குறிப்பு நேராகச் சொல்வதில்லை. எது அல்ல என்று சொல்கிறது. 61-ஆம் அத்தியாயத்தின் 4-ஆம் குறிப்பின்படி இடுப்புக்குக் கீழே பாக்கெட் உள்ளவை, கீழ் விளிம்பில் ரிப் பட்டையோ இறுக்கும் நாடாவோ உள்ளவை, சென்டிமீட்டருக்குச் சராசரியாக 10 கண்ணிக்குக் குறைவாக உள்ளவை பிளவுஸ் தலைப்பில் சேரமாட்டா. கண்ணிகளைக் குறைந்தது 10-க்கு 10 சென்டிமீட்டர் சதுரத்தில் இரு திசையிலும் எண்ண வேண்டும். நெய்த ஆடைகளுக்குப் பாக்கெட், ரிப் பட்டை பற்றிய விதி நெடுங்காலம் விளக்கவுரையில் மட்டும் இருந்தது. 2022 பதிப்பில்தான் 62-ஆம் அத்தியாயத்தின் குறிப்பாகவே ஏறியது.

இந்தக் குறிப்பைப் படித்த வடிவமைப்பாளர்கள் சும்மா இருக்கவில்லை. செயற்கை இழையில் நெய்த பெண்கள் சட்டையின் கீழ் விளிம்பை ஒட்டி, கண்ணுக்கு எளிதில் படாத சிறு பாக்கெட் ஒன்றைத் தைத்தால் அது 6206-ஐ விட்டு 6211-க்குப் போகும்; வரி 26.9-இலிருந்து 16 சதவீதமாக இறங்கும். பத்து டாலர் சட்டையில் 1 டாலர் 9 சென்ட் மிச்சம். ஒரு லட்சம் உருப்படிக்கு 1,09,000 டாலர். கொலம்பியா ஸ்போர்ட்ஸ்வேர் நிறுவனம் இப்படிப் பாக்கெட் வைப்பதை அமெரிக்கச் செய்தி ஊடகங்களில் வெளிப்படையாகவே விளக்கியிருக்கிறது. இதில் ஒளிவுமறைவு இல்லை. இறக்குமதியாகும்போது சரக்கு எந்த நிலையில் இருக்கிறதோ அந்த நிலையிலேயே அதை வகைப்படுத்த வேண்டும் என்பது அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1881-இல் சர்க்கரை பற்றிய மெரிட் எதிர் வெல்ஷ் வழக்கிலும், 1912-இல் முத்துகள் பற்றிய சிட்ரோயன் வழக்கிலும் நிலைநிறுத்திய கொள்கை. குறைந்த வரிக்கு ஏற்பப் பொருளை வடிவமைப்பது சட்டத்துக்கு உட்பட்டது. பொருளைப் பற்றிப் பொய் சொல்வதுதான் குற்றம். பாக்கெட் உண்மையில் இருக்க வேண்டும், பாக்கெட்டாகப் பயன்பட வேண்டும். இறங்கியவுடன் பிரித்தெடுக்கும் போலி ஒட்டு செல்லாது.

நீளமும் இதே அளவுக்குப் பணம் பேசும். செயற்கை இழையில் பின்னிய ஒரு மேலாடை இடுப்புக்குச் சற்றுக் கீழே முடிந்தால் அது 6110-இல் புல்ஓவர் போன்றது, வரி 32 சதவீதம். அதே ஆடை உடம்பை மூடித் தொடையின் நடுப்பகுதியை எட்டினால் தனித்தே உடுத்தக்கூடிய கவுன் என்று கருத இடமுண்டு. 6104-இல் செயற்கை இழைக் கவுனுக்கு 16 சதவீதம். இடையில் இருப்பது சில அங்குலத் துணி. அதனால் லெக்கிங்ஸின் மேல் அணியும் நீள்மேலாடைகளைப் பற்றி விண்ணப்பங்கள் தொடர்ந்து வருகின்றன. தோளின் உச்சியிலிருந்து விளிம்புவரை அளந்து, பக்கவாட்டுத் திறப்பு எவ்வளவு உயரம், கழுத்து எவ்வளவு இறக்கம், துணி ஊடுருவித் தெரிகிறதா என்றெல்லாம் பார்த்துத்தான் முடிவு சொல்கிறார்கள்.

உள்ளாடையா, வெளியாடையா

அளவுகோலால் தீராத கேள்வி ஒன்று உண்டு. ஓர் ஆடையை உள்ளே அணிகிறார்களா, வெளியே அணிகிறார்களா, படுக்கையில் மட்டும் அணிகிறார்களா என்பது துணியை அளந்து தெரிவதில்லை. பருத்தியில் பின்னிய பெண்கள் ஜட்டிக்கு 7.6 சதவீதமும் இரவாடைக்கு 8.5 சதவீதமும் வரி. அதே துணியில் வெளியே அணியும் கால்சட்டைக்கு 14.9.

1990-களில் பெண்களுக்கான பாக்ஸர் வகைக் குட்டைக் கால்சட்டைகள் இந்தச் சிக்கலைக் கொண்டுவந்தன. ஆண்களின் உள்ளாடை வடிவில் தைத்தவை. வீட்டில் வெளியாடையாகவும் போட்டுக்கொள்ளலாம். சுங்கத் துறை இவற்றை 6204-இல் வெளியாடையாகச் சேர்த்தது. இன்னர் சீக்ரெட்ஸ் என்ற இறக்குமதியாளர் வழக்காடினார். 1995-இல் அமெரிக்காவின் பன்னாட்டு வணிக நீதிமன்றம் அவை 6208-இல் சேரும் உள்ளாடை என்றது. உள்ளாடையாக வடிவமைத்தது, அப்படி அணிய இயல்வது, உள்ளாடைத் தொழில்துறையினர் அதை அவ்வாறே பார்ப்பது, விளம்பரமும் கடை அடுக்கும் அதையே சொல்வது ஆகியவற்றை நீதிமன்றம் சான்றாக ஏற்றது. விளம்பரம் மட்டும் போதாது, ஆனால் அது இறக்குமதியாளரின் நோக்கத்தைக் காட்டும் என்று கொண்டது. அன்று முதல் விலைப்பட்டியல், கடையின் பிரிவுப் பெயர், பொட்டலத்தின் படம் ஆகியவையும் வகைப்பாட்டுக் கோப்பில் இடம்பெறுகின்றன.

இதற்கு எல்லையும் உண்டு. உள்ளே பிரா அமைப்பு தைத்து வைத்த பின்னல் மேலாடைகளை பிராவுக்கான 6212-இல் சேர்க்க வேண்டும் என்று லெர்னர் நியூயார்க், விக்டோரியாஸ் சீக்ரெட் நிறுவனங்கள் கேட்டன. 2013-இல் கீழ் நீதிமன்றமும் 2014-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் மறுத்தன. மார்பைத் தாங்குவது அந்த ஆடையின் ஒரு பணி மட்டுமே, அது உடலை மூடும் மேலாடையும்கூட; ஆகவே 6114-இல் ‘மற்ற ஆடை’ என்று முடிவாயிற்று. பெண்கள் உடுத்தும் முறை மாற மாற இத்தகைய இரட்டைப் பணி ஆடைகள் பெருகுகின்றன. பட்டியலில் அவற்றுக்கென்று பெயர் இல்லை. பிரா ஏற்றுமதியில் தேர்ந்த இலங்கைத் தொழிற்சாலைகளுக்கு இந்தத் தீர்ப்பு வெறும் சட்ட நுணுக்கம் அல்ல.

ஆணுக்கா, பெண்ணுக்கா

61, 62 இரண்டின் 9-ஆம் குறிப்பும் ஒன்றே. முன்பக்கம் திறக்கும் ஆடையில் இடப்பக்கம் வலப்பக்கத்தின் மேல் மூடினால் ஆண்களுடையது. வலப்பக்கம் இடப்பக்கத்தின் மேல் மூடினால் பெண்களுடையது. வெட்டே இன்னாருக்கு என்று தெளிவாகக் காட்டினால் இந்த விதியைப் பார்க்க வேண்டியதில்லை. இரண்டாலும் தெரியாவிட்டால் பெண்கள் தலைப்பில் சேர்க்க வேண்டும். எவருக்கும் பொது என்று இன்று விற்கும் சட்டைகளும் கால்சட்டைகளும் இந்தக் கடைசி வாக்கியத்தால் சட்டப்படி பெண்கள் ஆடைகளாகிவிடுகின்றன.

பெண்கள் ஆடைக்கு எப்போதும் வரி கூடுதல் என்று பரவலாக நம்பப்படுகிறது. பட்டியல் அவ்வளவு நேர்கோட்டில் இல்லை. செயற்கை இழையில் நெய்த கால்சட்டைக்குப் பெண்களிடம் 28.6 சதவீதம், ஆண்களிடம் 27.9. செயற்கை இழை உள்ளாடைக்குப் பெண்களிடம் 15.6, ஆண்களிடம் 14.9. ஆனால் நெய்த பருத்திச் சட்டைக்கு ஆண்கள் 19.7 கட்டும்போது பெண்கள் பிளவுஸ் 15.4-தான். தோல் கையுறை ஒரு வகையில் ஆண்களுக்கு 14 சதவீதமும் மற்றவர்களுக்கு 12.6 சதவீதமும் இருந்தது. இதைப் பாகுபாடு என்று டோட்டஸ் ஐசோடோனர் நிறுவனம் தொடுத்த வழக்கை மேல்முறையீட்டு நீதிமன்றம் 2010-இல் தள்ளியது. விகிதம் வேறுபடுவது மட்டும் பாகுபாடு ஆகாது, பாகுபாடு செய்யும் நோக்கத்தையும் முறையிட வேண்டும் என்பது தீர்ப்பு.

தனி வரிகளை விட்டு மொத்தச் சுமையைப் பார்த்தால் படம் தெளிவாகிறது. அமெரிக்கப் பன்னாட்டு வணிக ஆணையத்தின் பொருளியலாளர்கள் 2018-இல் வெளியிட்ட ஆய்வுத்தாள் 2015-ஆம் ஆண்டின் கணக்கை எடுத்துக்கொண்டது. ஆண்கள் ஆடையைவிடப் பெண்கள் ஆடையின் மீது விழுந்த சுங்கச் சுமை 277 கோடி டாலர் அதிகம் என்று அது கண்டது. பெண்கள் ஆடை கூடுதலாக விற்பதும், சராசரி விகிதம் கூடுதலாக இருப்பதும் இரண்டு காரணங்கள். பெண்கள் வாங்கும் ஆடையில் செயற்கை இழையும் பின்னலும் மிகுதியாக இருக்கும்போது, எந்தத் தலைப்பும் பாகுபாடாக எழுதப்படாமலேயே விளைவு பாகுபாடாகலாம். நோக்கத்தை மட்டும் தேடும் நீதிமன்றச் சோதனைக்கு இது அகப்படாது. ஆகவே தீர்வு சட்டமன்றத்தில்தான் இருக்கிறது.

தொகுப்பும் தைக்காத துணியும்

கடையில் ஒரே விலைக்கு விற்கும் தொகுப்பைச் சுங்கம் ஒன்றாகப் பார்ப்பதில்லை. வெவ்வேறு தலைப்புகளுக்கு உரிய ஆடைகளைச் சில்லறை விற்பனைக்காக ஒன்றாகக் கட்டியிருந்தாலும் தனித்தனியே வகைப்படுத்த வேண்டும் என்பது 11-ஆம் பிரிவின் 14-ஆம் குறிப்பு. சூட்டும் ‘என்செம்பிள்’ எனப்படும் இணையாடைத் தொகுப்பும் போன்றவை விலக்கு. இவ்விரண்டும் ஒரே துணியில் ஆனவையாக இருக்க வேண்டும். சூட்டின் துண்டுகள் நிறத்திலும் இழையிலும் பாணியிலும் ஒத்து, அளவில் பொருந்த வேண்டும். அதன் மேற்கோட்டின் வெளிப்புறம் கைகளை விட்டு நான்கு துண்டுகளாவது கொண்டு தைத்திருக்க வேண்டும். ஐரோப்பியத் தையற்கடையின் இலக்கணம் இது.

தெற்காசியப் பெண்களின் ஆடை இந்த இலக்கணத்தில் எளிதாக அமர்வதில்லை. சல்வார், கமீஸ், துப்பட்டா மூன்றும் சேர்ந்தே ஓர் உடை. பொது முறையில் அவற்றுக்குத் தலைப்பு இல்லை. இந்தியப் பட்டியல் எட்டாம் இலக்கம்வரை நீண்டு 6211-இன்கீழ் பருத்திக் குர்தா சல்வாருக்குத் துப்பட்டாவோடோ இல்லாமலோ என்று ஒரு வரி ஒதுக்கியிருக்கிறது. சேலை இன்னும் தொலைவில் நிற்கிறது. வெட்டாமல், தைக்காமல் தறியிலிருந்து இறங்குவதால் இந்தியப் பட்டியல் அதை ஆடை அத்தியாயங்களில் வைக்கவில்லை. பட்டுச் சேலை 50-இல், பருத்திச் சேலை 52-இல், செயற்கை இழைச் சேலை 54-இல், அந்தந்தத் துணியின் உட்பிரிவாக இருக்கின்றன. கோடிக்கணக்கான பெண்களின் அன்றாட உடை, பட்டியலைப் பொறுத்தவரை துணி.

இந்தியாவின் வரி அமைப்பிலும் ஒரு தனித்தன்மை உண்டு. இறக்குமதியாகும் பல ஆடைகளுக்கு மதிப்பில் இத்தனை சதவீதம் அல்லது உருப்படிக்கு இத்தனை ரூபாய், இவற்றில் எது அதிகமோ அது என்று விதித்திருக்கிறார்கள். விலையைக் குறைத்துக் காட்டும் இறக்குமதியைத் தடுக்க இது உதவும். மலிவான ஆடைக்கு வரி விகிதம் தானாகக் கூடிவிடுவது இதன் மறுபக்கம். இதற்கு மேல் ஒருங்கிணைந்த சரக்கு சேவை வரியும் சேரும். 2025 செப்டம்பர் 22 முதல் ஆடைக்கு அதன் விகிதம் உருப்படி ரூ.2,500 வரை 5 சதவீதம், அதற்கு மேல் 18 சதவீதம்.

முடிவு செய்வது யார்

எண்ணைத் தேர்வதும் அறிவிப்பதும் இறக்குமதியாளரின் பொறுப்பு. அமெரிக்காவில் 1993-இன் சுங்க நவீனமயச் சட்டம் ‘நியாயமான கவனம்’ காட்ட வேண்டும் என்று அவர்மீது கடமை சுமத்தியது. இந்தியாவிலும் 2011 முதல் இறக்குமதியாளரே வரியைத் தாமே மதிப்பிடுகிறார். திருப்பூரில் தைப்பவர் தம் கப்பல் பட்டியில் எழுதும் இந்திய எண்ணும், நியூயார்க்கில் இறக்குபவர் எழுதும் அமெரிக்க எண்ணும் ஆறு இலக்கம் வரை ஒத்திருக்க வேண்டும். அதற்குத் தேவையான விவரங்கள், அதாவது இழை எடை, கண்ணி எண்ணிக்கை, நீளம், பாக்கெட் இடம் ஆகியவை எல்லாம் தைப்பவரிடம்தான் இருக்கின்றன. மாதிரி ஒப்புதலின்போதே இவற்றை எழுத்தில் பரிமாறிக்கொள்வது இருவருக்கும் பாதுகாப்பு.

ஐயம் இருந்தால் சரக்கு வருமுன்பே அமெரிக்கச் சுங்கத்திடம் கட்டுப்படுத்தும் தீர்வுரை கேட்கலாம். விவரமும் மாதிரி ஆடையும் அனுப்பினால் பெரும்பாலும் 30 நாளில் பதில் வரும், கட்டணம் இல்லை. பதில்கள் அனைத்தும் பொதுத் தரவுத்தளத்தில் திறந்து கிடக்கின்றன. பெண்கள் மேலாடை ஒவ்வொன்றும் கழுத்து, கை, விளிம்பு, கண்ணி என்று நுணுக்கமாக விவரிக்கப்பட்டிருப்பதால், புதிதாக இத்தொழிலுக்கு வருபவருக்கு அதைவிடச் சிறந்த பாடநூல் இல்லை. இந்தியாவில் இப்பணியை மும்பையிலும் டெல்லியிலும் உள்ள சுங்க முன்தீர்ப்பு ஆணையங்கள் செய்கின்றன.

பிழையான எண்ணுக்கு விலை உண்டு. அமெரிக்கச் சட்டத்தில் கவனக்குறைவு என்றால் அரசு இழந்த வரியின் இரு மடங்கு வரையும், கடும் கவனக்குறைவு என்றால் நான்கு மடங்கு வரையும், மோசடி என்றால் சரக்கின் உள்நாட்டு மதிப்பு வரையும் அபராதம் விதிக்கலாம். சுங்கத்தின் முடிவை ஏற்காத இறக்குமதியாளருக்கும் வழி இருக்கிறது. வரிக்கணக்கை இறுதி செய்வது பொதுவாக 314-ஆம் நாள் அளவில் நடக்கும். அதிலிருந்து 180 நாளுக்குள் எதிர்ப்பு மனு கொடுக்கலாம். அது மறுக்கப்பட்டால் நியூயார்க்கில் உள்ள பன்னாட்டு வணிக நீதிமன்றம், அதன் மேல் வாஷிங்டனில் உள்ள கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம். நாடுகளுக்கிடையே கருத்து வேறுபட்டால் பிரஸ்ஸல்ஸில் கூடும் எச்.எஸ். குழு கருத்துரைக்கிறது, சில ஆண்டுகளுக்கு ஒரு முறை பட்டியலுக்கான திருத்தங்களையும் அதுவே முன்மொழிகிறது. இப்போது நடப்பில் உள்ள 2022 பதிப்புக்குப் பின் அடுத்த பதிப்பு 2028 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வரவிருக்கிறது.